12 வால்வு கம்மின்ஸில் கேம் மாற்றப் போகிறவர்களுக்கு

1989 முதல் 1998 வரை டாட்ஜ் ராம் பிக்அப்பில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் 6பிடி இன்ஜினுக்கு கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு, சுருக்கமாகக் கேம்) மாற்றலாமா என்று கேட்டால், பாதிப் பேர் லிஃப்ட் (வால்வு எழும் உயரம்) எவ்வளவு, எத்தனை டிகிரி என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் கணக்கெல்லாம் கேமோடு வரும் அட்டையிலேயே அச்சாகியிருக்கும். ஆளைப் பாடாய்ப்படுத்துவது டேப்பெட், அதாவது கேமின் அசைவை வாங்கி, ராக்கரைத் தள்ளும் புஷ்ராட் கம்பிக்குக் கொடுக்கும் துண்டு.

இந்த இன்ஜினின் டேப்பெட் காளான் மாதிரி இருக்கும். தண்டு பிளாக்கின் துளைக்குள் நிற்கும். கேமின் லோப் (புடைப்பு) மேல் உட்காரும் தட்டையான அடிப்பாகம் அந்தத் துளையைவிடப் பெரியது. அதனால் மேலிருந்து உருவ முடியாது. கீழ்வழியாகத்தான் இறங்கும், கீழ்வழியாகத்தான் ஏறும். இன்ஜின் வண்டியிலேயே இருக்கும்போது பிளாக்கைக் கவிழ்க்கவும் வழியில்லை. கேமை உருவியதும் 12 டேப்பெட்டும் சம்புக்குள் (அடியில் இருக்கும் ஆயில் சட்டி) விழாமல் பிடித்துவைப்பதும், பழையதை எடுத்துப் புதியதை ஏற்றுவதும்தான் இந்த வேலையின் பெரும்பகுதி.

முதலில், கேம் மாற்றுவது தேவையா? கம்பெனியிலிருந்து வந்த சக்தியோடு, அதாவது 160 முதல் 215 குதிரைத்திறனோடு, சும்மா ஓடும் வண்டிக்குத் தேவையில்லை. அந்தப் பணத்துக்கு, எக்ஸாஸ்ட் சூட்டைக் காட்டும் பைரோமீட்டரும் டர்போ தள்ளும் காற்றழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் கேஜும் மாட்டலாம். டீசலைக் கூட்டி, டர்போ மாற்றி, கனமான டிரெய்லர் இழுக்கும்போது எக்ஸாஸ்ட் சூடு கட்டுக்குள் வராதவர்களுக்கு கேம் பலன் தரும். லோப் தேய்ந்த இன்ஜினுக்கு எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும்; அப்போது நல்ல கேமாகப் போடுவதில் தவறில்லை.

டீசல் கேமை பெட்ரோல் கேம் போல நினைக்கக் கூடாது. பெட்ரோல் இன்ஜினில் வால்வை அதிக நேரம் திறந்துவைத்து, இன்டேக்கும் எக்ஸாஸ்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டி, மேல் ஆர்பிஎம்மில் சக்தி எடுப்பார்கள். இங்கே அந்த வித்தை பலிக்காது, அதற்கு இரண்டு காரணம். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஹெட்டுக்கு மிக அருகில் வந்து நிற்கும். அந்த நேரத்தில் வால்வு அதிகம் திறந்திருந்தால் இரண்டும் மோதும். அடுத்தது, டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்தம் பல நேரம் பூஸ்டைவிட அதிகம். இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருந்தால் புகை இன்டேக் பக்கம் திரும்பி வரும்.

அதனால் இந்த இன்ஜினுக்கான நல்ல கேம் இன்டேக் வால்வைச் சீக்கிரம் மூடும். பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் இன்டேக் திறந்திருந்தால், உள்ளே வந்த காற்றில் கொஞ்சம் வந்த வழியே திரும்பிப் போய்விடும். முன்னதாக மூடினால் அந்தக் காற்று சிலிண்டரிலேயே தங்கும். டர்போ சீக்கிரம் எழும், கீழ் ஆர்பிஎம்மில் இழுவை கூடும், குளிரில் ஸ்டார்ட் ஆவதும் சுலபமாகும். எக்ஸாஸ்ட் பக்கம் கொஞ்சம் நீளமான திறப்பு கொடுப்பார்கள். ஹாமில்டன் கேம்ஸ் நிறுவனம் விற்கும் 178/208, 188/220 என்ற எண்களின் அர்த்தம் இதுதான்: டேப்பெட் 0.050 அங்குலம் எழுந்த நிலையில் அளந்தால், இன்டேக்கும் எக்ஸாஸ்டும் எத்தனை டிகிரி கிராங்க் சுழற்சிக்குத் திறந்திருக்கும் என்பது. இழுவைக்கும் தினசரி ஓட்டத்துக்கும் 178/208 போதும். 188/220 பெரிய டர்போவும் மேல் ஆர்பிஎம்மும் வைத்திருப்பவர்களுக்கு. எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று வாங்கி, சின்ன டர்போவோடு ஓட்டினால் கீழ் இழுவைதான் போகும்.

வாங்கும் முன் இன்னொன்று பாருங்கள். இந்த இன்ஜினில் டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் லிஃப்ட் பம்பை ஓட்டுவதும் கேம்தான். அதற்கென்று தனி லோப் உண்டு. அந்த லோப் இல்லாத கேம்களும் கிடைக்கின்றன. எலெக்ட்ரிக் பம்புக்கு மாறியவர்களுக்கு அது சரி, மெக்கானிக்கல் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு உதவாது.

கேமோடு 12 புது டேப்பெட், முன் கவர் கேஸ்கெட், முன் கிராங்க் சீல், ராக்கர் கவர் கேஸ்கெட், லிஃப்ட் பம்ப் கேஸ்கெட், மாலிப்டினம் அசெம்பிளி பேஸ்ட், ஆயில், ஃபில்டர் எல்லாம் கையில் இருக்கட்டும். பழைய டேப்பெட்டைப் புது கேமில் போடவே கூடாது. பழைய டேப்பெட்டின் முகம் பழைய லோபுக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும். புது லோப் மேல் அது சுழலாது. ஒரே இடத்தில் உரசி லோபைத் தின்றுவிடும்.

பழைய கேமிலிருந்து கியரை பிரஸ்ஸில் கழற்றிப் புது கேமில் ஏற்ற வேண்டும். கியரை ஓவனில் 121 டிகிரி செல்சியஸில் 45 நிமிடம் வைத்தால் கேமில் இருக்கும் சாவியை (கியர் வழுக்காமல் பிடிக்கும் சின்ன இரும்புத் துண்டு) பார்த்து எளிதாக இறங்கும். 177 டிகிரியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் கியர் கோணிக்கொள்ளும், திரும்ப நேராகாது. கேஸ் டார்ச் வேண்டவே வேண்டாம். குறி போட்ட முகம் வெளியே பார்க்க வேண்டும். ஓவன் இல்லாவிட்டால் மெஷின் ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

கழற்றும் வேலையில் ரகசியம் எதுவும் இல்லை. ரேடியேட்டர், இன்டர்கூலர், கிரில், ஏசி கண்டென்சர் எல்லாம் வழியிலிருந்து போக வேண்டும். கேம் முன்பக்கமாக நேராக வெளியே வர ஒரு மீட்டர் இடம் விடுங்கள். ஏசி கேஸை மெஷினில் இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு ஃபேன், பெல்ட், கிராங்க் முனையில் அதிர்வைத் தணிக்கும் டேம்பர், முன் கவர். லிஃப்ட் பம்பைக் கழற்ற மறந்துவிட்டு, கேம் ஏன் வரவில்லை என்று இழுத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கரில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ராக்கர் உட்காரும் பெடஸ்டலைப் பிடித்திருக்கும் 12 மி.மீ. போல்ட்டுகள் ஹெட் போல்ட்டுகளும்தான். ஆறு பெடஸ்டலையும் எடுத்தால் ஆறு ஹெட் போல்ட் தளர்ந்துவிடும். திரும்பப் போடும்போது அவற்றை 90 நியூட்டன் மீட்டர், பிறகு 120, அதற்கு மேல் 90 டிகிரி திருப்பு என்று முறைப்படி இறுக்க வேண்டும். சின்ன 8 மி.மீ. போல்ட்டுக்கு 24 போதும். பெடஸ்டலைக் கழற்றும் முன்பே அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்திவிடுங்கள். அப்படியே இறுக்கினால் புஷ்ராட் வளையும்.

முன் கவர் திறந்ததும் முதலில் டவல் பின்னைப் பாருங்கள். கியர் கேஸைப் பிளாக்கோடு பொருத்தும் சின்ன எஃகுக் குச்சி அது. அதிர்வில் மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து டைமிங் கியருக்குள் விழுந்தால் கியர் பல்லும் கேஸும் உடையும். அதனால்தான் அமெரிக்காவில் இதற்குக் ‘கொலைகார டவல் பின்’ என்றே பெயர். உள்ளே தட்டி, பக்கத்து போல்ட்டின் கீழே ஒரு சின்னத் தகடு வைத்து மறைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. கூடவே கியர் கேஸ் போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாக இறுக்கிப் பாருங்கள், சில தளர்ந்திருக்கும்.

முதல் சிலிண்டரை உச்சிக்குக் கொண்டுவாருங்கள். கியர் கேஸின் பின்னால் இருக்கும் டைமிங் பின் கேம் கியரின் துளையில் விழும். அது பிளாஸ்டிக், நிலையைக் காட்ட மட்டும்தான். அதை உள்ளே விட்டபடி கிராங்கைத் திருப்பினால் உடைந்துவிடும். கிராங்க் கியர், கேம் கியர், இன்ஜெக்‌ஷன் பம்ப் கியர் மூன்றும் சேரும் இடங்களில் பெயின்ட்டால் குறி போடுங்கள். 1994-98 வண்டிகளின் பி7100 பம்பில் கியர் கூம்பு வடிவத் தண்டில் சாவியில்லாமல் இறுகியிருக்கும். அந்த நட்டைத் தொடாதவரை, பல் சரியாகக் கோர்த்தால் பம்ப் டைமிங் மாறாது. தொட்டுவிட்டால் பம்ப் டைமிங்கும் திரும்ப வைக்க வேண்டியதுதான்.

இப்போது டேப்பெட். புஷ்ராட்டுகளை எடுத்துவிட்டு, முனை சற்றுக் கூம்பாகச் சீவிய உருண்டை மரக் கம்பிகளை ஒவ்வொரு துளை வழியாகவும் இறக்குங்கள். டேப்பெட்டின் குழிவான தலைக்குள் லேசாகத் தட்டினால் இறுகும். மேலே இழுத்து, இரண்டிரண்டாக ரப்பர் பேண்டால் கட்டிவைத்தால் 12 டேப்பெட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும். கியரின் துளைகள் வழியாக கேமை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் பிளேட்டின் போல்ட்டுகளைக் கழற்றி, கேமைச் சுழற்றிக்கொண்டே நேராக உருவலாம்.

அடுத்து தொட்டி. இது கேம் துளைக்குள் முழு நீளத்துக்கும் நுழையும், மேல்பக்கம் திறந்த, கடைசி முனை அடைத்த நீளக் குழாய். வாயை மேலே பார்த்து உள்ளே தள்ளுங்கள். ஒரு மரக் கம்பியை மட்டும் விடுவித்தால் அந்த டேப்பெட் இறங்கித் தொட்டிக்குள் படுத்துக்கொள்ளும். தொட்டியை மெதுவாக இழுத்தால் டேப்பெட்டும் கூடவே வெளியே வரும். ஏற்றுவதற்கு இதே வழி, தலைகீழாக: புஷ்ராட் துளை வழியாகக் கயிறு கட்டிய கருவியை இறக்கி, தொட்டி வழியாக முன்பக்கம் கொண்டுவந்து, புது டேப்பெட்டின் தலையில் மாட்டி, முகத்திலும் தண்டிலும் பேஸ்ட் தடவி, கயிற்றை மேலே இழுக்க வேண்டும். டேப்பெட் துளைக்குள் ஏறியதும் தொட்டியை அரைச் சுற்றுத் திருப்புங்கள். அதன் முதுகு டேப்பெட்டைத் தாங்கிக்கொள்ளும். அதற்குள் கருவியை எடுத்துவிட்டு மரக் கம்பியை மாட்டிவிடலாம். இப்படி 12 முறை. சலிப்பு வரும், வேகம் காட்டாதீர்கள். பிவிசி குழாயைப் பிளந்து தொட்டி செய்பவர்கள், டேப்பெட் அதில் முழுக்கப் படுக்கிறதா என்று வெளியிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள். ஒன்று சம்புக்குள் போனால் காந்தக் குச்சியால் துழாவலாம், இல்லையென்றால் சம்பை இறக்க வேண்டியதுதான்.

கேம் துளைகளில் முன்னதற்கு மட்டும் புஷ் (உள்வளையம்) உண்டு. மற்றவை பிளாக்கின் இரும்பிலேயே ஓடுகின்றன. துளை 54.164 மி.மீ.க்கு மேல் தேய்ந்திருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். லோப்களில் பேஸ்ட், ஜர்னல்களில் (துளைக்குள் சுழலும் உருண்டைப் பகுதிகள்) ஆயில் தடவி, புஷ்ஷில் லோப் உரசாமல் கேமை உள்ளே விடுங்கள். த்ரஸ்ட் பிளேட் போல்ட்டுக்கு 24 நியூட்டன் மீட்டர். கேம் கியரின் பல் இடைவெளி 0.08 முதல் 0.33 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கவரை மூடும் முன் டைமிங் பின்னை வெளியே இழுத்துவிட்டு, கையால் கிராங்கை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் திரும்பவும் சேர்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பல் தவறினாலும் பிறகு அழுவது வால்வுதான்.

முன் கிராங்க் சீலை எண்ணெய் தொடாமல், காய்ந்த நிலையில் போட வேண்டும். சீலுக்கு ஆயில் தடவுவது நமக்கு ஊறிப்போன பழக்கம்; இந்த டெஃப்லான் சீலுக்குத் தடவினால் ஒழுகும். டேம்பர் போல்ட்டுக்கு 125 நியூட்டன் மீட்டர்.

டேப்பெட் செட்டிங், அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடும் இடைவெளி, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது: இன்டேக் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.51. கேம் அட்டையில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். முதல் சிலிண்டர் கம்ப்ரெஷன் உச்சியில் இருக்கும்போது 1-இல் இரண்டும், 2, 4-இல் இன்டேக், 3, 5-இல் எக்ஸாஸ்ட். ஒரு முழுச் சுற்றுக்குப் பிறகு 3, 5-இல் இன்டேக், 2, 4-இல் எக்ஸாஸ்ட், 6-இல் இரண்டும்.

டாடா 1613, 2515 லாரிகளில் ஓடியதும் ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் செய்த இதே 6பிடி குடும்பம்தான். நாமக்கல் பக்கத்து லாரி மெக்கானிக்குக்கு இந்தக் கியர் கேஸ் அந்நியமாகத் தெரியாது. ஆனால் பம்ப் டைமிங் எண்ணை லாரியிலிருந்து இங்கே தூக்கி வராதீர்கள்.

முதல் ஸ்டார்ட்டில்தான் பல கேம் செத்துப்போகிறது. லிஃப்ட் பம்பைக் கழற்றியதால் டீசல் லைனில் காற்று இருக்கும். அதை எடுக்காமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் லோபில் தடவிய பேஸ்ட் எல்லாம் வழித்துக்கொண்டு போய்விடும். முதலிலேயே லிஃப்ட் பம்பின் கைப் பிரைமரை அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். ஆயில் ஃபில்டரை நிரப்பி மாட்டி, டீசல் அடைத்த நிலையில் செல்ஃப் அடித்து ஆயில் பிரஷர் வந்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் பிடித்த கணமே 1500-2000 ஆர்பிஎம்முக்கு ஏற்றி, கொஞ்சம் ஏற்றி இறக்கி 20-30 நிமிடம் ஓட வேண்டும். ஐடிலில் விடக் கூடாது. வேகம் குறைந்தால் கிராங்க் வாரியிறைக்கும் ஆயில் லோபுக்குப் போதாது. துத்தநாகம் அதிகமுள்ள பிரேக்-இன் ஆயில் ஊற்றுங்கள்.

வால்வு ஸ்பிரிங் விஷயத்தில் அவசரம் வேண்டாம். பம்பில் வேக வரம்பு வைக்கும் கவர்னரின் ஸ்பிரிங்கை மாற்றி மேல் ஆர்பிஎம் ஓட்டுபவர்களுக்கும், புகை வழியை அடைத்து வேகம் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வைத்திருப்பவர்களுக்கும் 60 பவுண்டு ஸ்பிரிங் தேவை. ஆனால் புது கேம் பழகும்வரை பழைய ஸ்பிரிங்கே இருக்கட்டும். அழுத்தம் குறைவாக இருந்தால் லோபுக்கு நல்லது. பிறகு பிஸ்டனை உச்சியில் வைத்து ஹெட்டைக் கழற்றாமலே மாற்றலாம். வால்வு பிஸ்டன் மேல் உட்கார்ந்துகொள்ளும், உள்ளே விழாது.

இந்த இன்ஜினில் ஆறு சிலிண்டருக்கும் தனித்தனி ராக்கர் கவர் என்பது ஒரு வசதி. அந்த 20-30 நிமிடம் ஓட்டிப் பழக்கி முடித்ததும் ஒவ்வொன்றாகத் திறந்து, ஐடிலில் புஷ்ராட்டுகளைப் பாருங்கள். மெதுவாகச் சுழல வேண்டும். ஒன்று மட்டும் சுழலாமல் மேலும் கீழும் குதித்துக்கொண்டிருந்தால் அந்த டேப்பெட் சுழலவில்லை, அந்த லோபுக்கு ஆயுசு அதிகமில்லை. ஆயிலை மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருப்பது பேஸ்ட். வெயிலில் மின்னும் துகள் என்றால் இரும்பு. ஆயிரம் கிலோமீட்டர் கழித்துத் திரும்ப டேப்பெட் செட்டிங் பார்க்கும்போது, எந்த வால்வுக்கு எவ்வளவு இருந்தது என்று எழுதிவையுங்கள். பதினொன்று அப்படியே இருந்து ஒன்றில் மட்டும் இடைவெளி கூடியிருந்தால், ஸ்க்ரூவைத் திருப்பிச் சரிசெய்துவிட்டு நகராதீர்கள். டயல் கேஜ் வைத்து அந்தப் புஷ்ராட் எழும் உயரத்தைப் பக்கத்து சிலிண்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.