தாத்தாவைப் பற்றி எழுத உட்காரும் முன்

பதினாறாம் நாளுக்கு நினைவு மலர் போடுகிறீர்களா? "கடின உழைப்பாளி, கலகலப்பானவர்" என்பது எல்லார் தாத்தாவுக்கும் பொருந்தும்.

முதல் சறுக்கல் பிறந்த தேதியில். பள்ளிச் சான்றிதழை அப்படியே நம்ப வேண்டாம். அந்தத் தலைமுறையில் பலருக்கு வாத்தியார் போட்டதுதான் தேதி, பெரும்பாலும் மே, ஜூன். ஜாதக நோட்டைத் தேடுங்கள். அதில் தமிழ் வருஷப் பெயர் இருக்கும். பார்த்திப வருஷம் ஐப்பசி என்றால் 1945. தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குவதால், அதே பார்த்திப மாசி என்றால் 1946. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

உழைப்புக்குச் சாட்சி கணக்கு நோட்டு. விதைநெல், ஆள்கூலி, மாடு வாங்கிய கடன், ஓரத்தில் பென்சிலில் கிறுக்கிய வட்டி எல்லாம் அதில் இருக்கும்.

சிரிப்பைப் பிள்ளைகளிடம் தேடாதீர்கள், அவர்களிடம் விறைப்பாகத்தான் இருந்திருப்பார். மச்சினன், சீட்டாட்டக் கூட்டாளி, டீக்கடை பெஞ்சுக்காரர்களிடம் போங்கள். "எப்படிப்பட்டவர்?" என்றால் "தங்கமான மனுஷன்" என்று முடித்துவிடுவார்கள். "யார் யாருக்கு என்ன பட்டப்பேர் வச்சாரு?" என்று கேட்டுப் பாருங்கள், பொழுது போவதே தெரியாது. போனில் பதிவை மறக்காமல் ஓட விடுங்கள்.

பழைய படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் உரிக்கவே கூடாது, முகம் கண்ணாடியோடு வந்துவிடும். சட்டத்தோடு ஜன்னல் ஓரம் வைத்து, பிரதிபலிப்பு விழாமல் எதிரே கறுப்புத் துணி பிடித்து, போனில் எடுங்கள்.

அவருடைய வாட்ஸ்அப் குரல் பதிவுகளை இன்றே வேறு இடத்தில் சேமியுங்கள். 120 நாள் சும்மா கிடந்தால் கணக்கையே நீக்கிவிடுவார்கள். "ஏய், சாப்டியா?" என்ற நாலு விநாடிப் பதிவையும் விட்டுவிடாதீர்கள்.