1599-இல் மூன்று வாரம்

கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதிக்கான யுஜிசி நெட் தேர்வின் ஆங்கிலத் தாளை முதல் தடவை எழுதப் போனபோது என்னிடம் நாற்பது பக்கத்துக்கு ஒரு ஆண்டுப் பட்டியல் இருந்தது. இடப்பக்கம் ஆண்டு, வலப்பக்கம் நூல். பஸ்ஸில், சாப்பாட்டுக்கு உட்காரும்போது, தூங்கப் போகும் முன் என்று அதையே உருப்போட்டேன். தேர்வறையில் முதல் காலவரிசைக் கேள்வியைப் பார்த்ததுமே பட்டியல் முழுக்கக் குழம்பிப் போனது. 1597-ஆ, 1599-ஆ, 1600-ஆ? தேறவில்லை.

என் அப்பத்தாவுக்கு ராமநாதபுரம் பக்கம். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் குடும்பத்தில் யார் எப்போது பிறந்தார்கள் என்று கேட்டால் தடுமாற மாட்டார். "தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோச்சே, அப்ப உங்க பெரியப்பன் கைக்குழந்தை" என்பார். 1964 என்ற எண் அவருக்குத் தேவைப்படவில்லை, புயல் போதும். நான் அதுவரை படித்த ஆண்டு எதிலும் எனக்கு ஒரு புயல் தெரிந்திருக்கவில்லை.

அதனால் இரண்டாம் தடவை பட்டியலை மூடி வைத்துவிட்டு, மறுமலர்ச்சிக் காலத்தில் ஒரே ஓர் ஆண்டை எடுத்து மூன்று வாரம் அதிலேயே கிடந்தேன். 1599. என் பட்டியலில் அதிக வரி இருந்த ஆண்டுகளில் அதுவும் ஒன்று என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

அந்த ஆண்டின் புயல் அயர்லாந்தில் அடித்தது. இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வாரம் ஆனது, ஏனென்றால் இலக்கிய வரலாற்று கைடுகள் அரசியலை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. 'ஃபேரி குவீன்' என்ற நெடுங்கவிதையை எழுதிய எட்மண்ட் ஸ்பென்சர் அயர்லாந்தில் நிலம் வாங்கிக் குடியேறிய ஆங்கில அதிகாரி. 1598 அக்டோபரில் ஆங்கில ஆட்சிக்கு எதிரான ஐரிஷ் கிளர்ச்சிக்காரர்கள் அவருடைய கில்கால்மன் கோட்டைக்குத் தீ வைத்தார்கள். டிசம்பரில் லண்டன் வந்தார், 1599 ஜனவரி 13 அன்று இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பழைய கவிஞர் சாசருக்குப் பக்கத்தில் அடக்கம். செலவை ஏற்றவர் எசெக்ஸ் பிரபு. அதே எசெக்ஸ்தான் மார்ச் 27 அன்று பெரும்படையோடு அந்தக் கிளர்ச்சியை அடக்கப் புறப்படுகிறார். ஷேக்ஸ்பியரின் 'ஹென்றி தி ஃபிஃப்த்' நாடகத்தின் ஐந்தாம் அங்கத்துக்கு முன் வரும் கோரஸ் (கதை சொல்லியின் முன்னுரை), அயர்லாந்திலிருந்து வெற்றியோடு திரும்பப் போகும் தளபதி ஒருவரைப் பற்றிப் பேசுகிறது. அது எசெக்ஸ்தான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. அவர் வெற்றியோடு திரும்பவில்லை. செப்டம்பர் 28 அன்று நான்சச் அரண்மனையில், சேறு படிந்த உடையோடு, மகாராணி எலிசபெத் தலைவாரி முடிக்கும் முன்பே படுக்கையறைக்குள் நுழைந்துவிட்டார். அந்த வரிகளை நம்பிக்கையோடு எழுத மார்ச்சுக்கும் செப்டம்பருக்கும் இடையில்தான் வாய்ப்பு இருந்தது. நாடகத்துக்கு 1599 என்று ஆண்டு குறிப்பதற்கு இதுதான் முக்கிய ஆதாரம். இதைப் படித்த பிறகு எனக்கு அந்த எண் மறந்ததே இல்லை.

தேர்வெழுதுகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஓரிடம் இருக்கிறது. ஒரு நாடகத்துக்கு எழுதிய ஆண்டு, மேடையேறிய ஆண்டு, அச்சான ஆண்டு என்று மூன்று உண்டு. பட்டியல்கள் இதில் ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டு எது என்று சொல்வதில்லை. 'ஜூலியஸ் சீசர்' 1599-இல் மேடையேறியது, அச்சானது ஃபோலியோ எனப்படும் 1623-இன் பெரிய நாடகத் தொகுப்பில்தான். 'ஹென்றி தி ஃபிஃப்த்' 1600-இல் குவார்ட்டோவாக, அதாவது தனி நாடகச் சிறு நூலாக, வந்தது. அதில் கோரஸே கிடையாது, மேலே சொன்ன அயர்லாந்து வரிகள் ஃபோலியோவில்தான் இருக்கின்றன. 'ரோமியோ அண்ட் ஜூலியட்' தலைகீழ்: முதல் குவார்ட்டோ 1597, திருத்தி விரித்த இரண்டாம் குவார்ட்டோ 1599. ஒரு மாதிரித் தேர்வில் ரோமியோ, ஹென்றி, ஹாம்லெட், சீசர் நான்கையும் அச்சான வரிசையில் அடுக்கச் சொன்னார்கள். நான் சீசரை இரண்டாவதாகப் போட்டேன். கேள்வியில் அச்சான ஆண்டு என்று தெளிவாகவே இருந்தது, நான்தான் வாசிக்கவில்லை. (1597, 1600, 1603, 1623. இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.)

இன்னொரு கண்ணி நாட்காட்டி. அன்றைய இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25-இல்தான் பிறக்கும். 1752-இல்தான் ஜனவரி 1-க்கு மாறினார்கள். அந்தக் கணக்கில் ஸ்பென்சர் இறந்தது 1598. அவருடைய நினைவுச் சின்னத்தில் இன்றைக்கும் 1598 என்றுதான் இருக்கிறது. இரண்டு கைடுகளில் இரண்டு ஆண்டு பார்த்து, ஏதோ அச்சுப்பிழை என்று பல நாள் திட்டிக்கொண்டிருந்தேன். ஜனவரி முதல் மார்ச் வரையான தேதியில் ஓராண்டு வித்தியாசம் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

அந்த ஆண்டின் கட்டடக் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஷோர்டிச்சில் 'தியேட்டர்' என்ற பெயரிலேயே ஓர் அரங்கம், ஜேம்ஸ் பர்பேஜ் 1576-இல் கட்டியது. நிலம் கைல்ஸ் ஆலன் என்பவருடையது. குத்தகை முடிந்து தகராறு வந்தது. 1598 டிசம்பர் 28 அன்று, ஆலன் ஊரில் இல்லாத நேரம், பீட்டர் ஸ்ட்ரீட் என்ற தச்சரோடு போய் அரங்கத்தையே பிரித்து மரங்களை எடுத்துக்கொண்டார்கள் ஷேக்ஸ்பியரின் குழு நடிகர்கள். தேம்ஸின் தென்கரையில் அந்த மரங்களை வைத்து எழுந்ததுதான் குளோப் அரங்கம். பாதி உரிமை ஜேம்ஸின் மகன்களான பர்பேஜ் சகோதரர்களுக்கு, மறுபாதி ஐந்து நடிகர்களுக்கு. ஷேக்ஸ்பியருக்கு ஆரம்பத்தில் பத்தில் ஒரு பங்கு. எழுத்துக்குக் கிடைத்த கூலியைவிட இந்தப் பங்குதான் அவரை வசதியாக்கியது என்பது என் அபிப்பிராயம்.

அந்த ஐவரில் ஒருவரான நகைச்சுவை நடிகர் வில் கெம்ப் அதே ஆண்டு குழுவை விட்டு விலகினார். 1600-இல் லண்டனிலிருந்து நாரிச் வரை ஆடிக்கொண்டே போனார். அவர் இடத்துக்கு ராபர்ட் ஆர்மின் வந்த பிறகு ஷேக்ஸ்பியர் நாடகங்களில் கோமாளி பாத்திரத்தின் தன்மையே மாறுகிறது: டச்ஸ்டோன், ஃபெஸ்டே, லியரின் கோமாளி. பொருத்துக வகைக் கேள்விக்கு உதவும்.

செப்டம்பர் 21 அன்று தாமஸ் பிளாட்டர் என்ற சுவிஸ் பயணி மதியம் ஆற்றைக் கடந்து போய், கூரை வேய்ந்த அரங்கில் ஜூலியஸ் சீசர் நாடகம் பார்த்ததாகக் குறித்து வைத்திருக்கிறார். சுமார் பதினைந்து நடிகர்கள், முடிவில் நடனம். எழுதியவர் பெயர் இல்லை, அரங்கின் பெயரும் இல்லை. அதே செப்டம்பரில் லண்டன் வணிகர்கள் கிழக்கிந்தியப் பயணத்துக்காகக் கூடி 30,133 பவுண்டுக்குக் கையெழுத்திட்டார்கள். 1600 கடைசி நாளில் கம்பெனிக்குச் சாசனம் கிடைத்தது. சீசரின் கொலையைக் குளோப்பில் பார்த்துவிட்டு இந்தக் கூட்டத்துக்குப் போன ஆள் யாராவது இருந்திருப்பாரோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும். தேர்வுக்கு இது தேவையில்லை, சரி.

ஜூன் 1 தேவை. கேன்டர்பரி பேராயர் விட்கிஃப்டும் லண்டன் பிஷப் பேங்க்ராஃப்டும் சேர்ந்து தடை போட்ட நாள். இனி அங்கதக் கவிதையும் எபிகிராமும் (குத்தலான குறுங்கவிதை) அச்சிடக்கூடாது, ஆங்கில வரலாற்று நூலுக்கு அரச ஆலோசனைக் குழுவின் அனுமதி வேண்டும், எழுத்தாளர்கள் தாமஸ் நாஷ், கேப்ரியல் ஹார்வி இருவரின் நூல்களையும் கண்ட இடத்தில் பறிக்க வேண்டும். சில நாளில் மார்ஸ்டன், கில்பின், மிடில்டன் நூல்கள் எரிக்கப்பட்டன. செத்து ஆறு வருடமாகியிருந்த நாடகாசிரியர் மார்லோவின் மொழிபெயர்ப்பும் அந்தத் தீயில் போனது. அதே ஆண்டில் பென் ஜான்சன் 'எவ்ரி மேன் அவுட் ஆஃப் ஹிஸ் ஹியூமர்' நாடகத்தை மேடையேற்றுகிறார். அச்சில் வழி அடைபட்ட அங்கதம் மேடைக்கு ஏறியது என்று சில விமர்சகர்கள் வாதிடுகிறார்கள். முதுகலைத் தேர்வில் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு இந்த ஒரு பத்தியே பதினைந்து மதிப்பெண் விடைக்கு முதுகெலும்பாகும்.

செய்முறை பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு சார்ட் தாள், எழுதியது, மேடை, அச்சு என்று மூன்று நெடுவரிசை, குறுக்கே மாதங்கள். மாதம் தெரியாதவை ஓரத்தில். 1599-க்கு மூன்று வாரம் ஆனது, அடுத்து எடுத்த 1557-க்கு நான்கு நாள், 1623-க்கு மூன்று நாள். மொத்தம் ஒன்பது ஆண்டுகள்தான் செய்தேன். நடுவில் இருக்கும் நூல்கள் "இதற்கு முன், அதற்குப் பின்" என்று தாமாகவே அண்டிக்கொண்டன. இலக்கியக் கோட்பாடு, மொழியியல் பகுதிகளுக்கு இந்த முறை சுத்தமாக உதவாது. எல்லாப் பாடத்தாருக்கும் பொதுவான முதல் தாளின் 50 கேள்விகளுக்கும் உதவாது. நான் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகையைத் தவறவிட்டது அங்கேதான். உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதால் 150 கேள்வியையும் குறித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

நாடகம் அலுப்பாக இருந்தால் 1593-இல் தொடங்குங்கள்: கொள்ளைநோயால் அரங்குகள் மூடல், மே 30 அன்று டெப்ஃபோர்டில் மார்லோ கொலை, 'வீனஸ் அண்ட் அடோனிஸ்' அச்சு. அப்புறம், சார்ட்டைப் பென்சிலில் எழுதுங்கள். என்னுடையதில் 'ஆஸ் யூ லைக் இட்' மூன்று முறை இடம் மாறியிருக்கிறது, அந்தக் கட்டம் மட்டும் அழித்து அழித்தே கிழிந்துவிட்டது.