‘நான்’, ‘என்னை’, ‘நாங்கள்’: சமூக உளவியல் தாளை இரண்டாம் முறை எழுதிய அனுபவம்

சென்ற வாரம் முடிவு வந்தது. முதல் முறை 38 மதிப்பெண்ணோடு தவறிய சமூக உளவியல் தாளில் இம்முறை 71 வாங்கியிருக்கிறேன். வாரநாளில் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை, இரவில் வகுப்பு, சனி ஞாயிறுகளில் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் அம்மாவின் பூக்கடை என்று ஓடிய எனக்கு, நாள் முழுவதும் நூலகத்தில் உட்காருபவர்களின் அறிவுரை உதவவில்லை. என்னைப் போல் துண்டு துண்டாகப் படிப்பவர்களை எண்ணியே இதை எழுதுகிறேன்.

முதல் முறை நான் கெட்டது ஒரே இடத்தில்தான். ‘நான்’ என்பது என்ன என்று ஆராய்ந்த அமெரிக்க அறிஞர்கள் வில்லியம் ஜேம்ஸும் ஜார்ஜ் ஹெர்பர்ட் மீடும் ‘ஐ’ (I, நான்), ‘மீ’ (me, என்னை) என்னும் அதே இரு ஆங்கிலச் சொற்களைக் கையாள்வதால், இருவரும் ஒன்றையே சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். 1890இல் ஜேம்ஸ் எழுதிய ‘ஐ’ அறிகிற நான். ‘மீ’ அறியப்படுகிற நான், என் உடல், உடைமை, பிறரிடம் எனக்குள்ள மதிப்பு எல்லாம் அதில் அடங்கும். மீடுக்கோ ‘மீ’ என்பது பிறருடைய எதிர்பார்ப்புகளை உள்வாங்கி நம்மை நாமே அளக்கும் பகுதி. ‘ஐ’ என்பது அதற்கு அந்தக் கணத்தில் நாம் தரும் பதில். மீட் 1931இல் மறைந்தார், மாணவர்களின் குறிப்புகளிலிருந்து 1934இல் நூல் வந்தது என்றெல்லாம் விரிவாக எழுதிய நான், இந்த வேறுபாட்டுக்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை.

இரண்டாம் முறை படித்தபோது ஒரே ஒரு வழியைத்தான் பிடித்துக்கொண்டேன்: ஒவ்வொரு கோட்பாட்டையும் முதலில் தமிழில் எழுதி, அதற்குக் கடையில் நான் கண்ட ஒரு காட்சியை எதிரே எழுதுவது. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வரும் நேரம் இதற்குப் போதும்.

பிறரைக் கண்ணாடியாகக் கொண்டே நம்மைப் பார்க்கிறோம் என்னும் சமூகவியலாளர் கூலியின் கோட்பாடு அப்படித்தான் எனக்குப் பிடிபட்டது. வழக்கமாக மல்லிகை வாங்கும் ஓர் அக்காவிடம் அம்மா, “என் மக ரெண்டாவது தடவை சோதனை எழுதப் போகுது” என்று சொன்னார். அந்த அக்கா ஒன்றும் பேசாமல் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். என்னை மண்டு என்று நினைத்துவிட்டார் என்று எனக்கு முகம் சுருங்கிப்போனது. அன்று கட்டிய சரத்தில் இரண்டு இடத்தில் முடிச்சு நழுவியது. அடுத்த வாரம் அவரே வந்து, தம் மகனும் அதே படிப்பில் சேர்ந்திருப்பதாகவும், என் குறிப்புகளைத் தர முடியுமா என்றும் கேட்டார். 1902இல் கூலி சொன்ன மூன்று படிகளும் இதில் இருக்கின்றன: பிறருக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்று கற்பனை செய்கிறோம், அதை அவர் எப்படி மதிப்பிடுகிறார் என்று கற்பனை செய்கிறோம், அதனால் பெருமையோ வெட்கமோ அடைகிறோம். அவர் உண்மையில் என்ன நினைத்தார் என்பது இக்கணக்கில் வரவே இல்லை. விடைத்தாளில் இந்த ஒரு வரியை அடிக்கோடிடுங்கள்.

‘நம் குழு, பிற குழு’ என்று மனிதர் பிரிந்துகொள்வதை ஆராய்ந்த உளவியலாளர் தாஜ்ஃபெலைப் புரிந்துகொள்ளத் தமிழே கைகொடுத்தது. தைப்பூசத்துக்கு முன்தினம் அம்மா பக்கத்துக் கடை அத்தையிடம் “நாங்க தண்ணீர்மலைக்குப் போறோம்” என்று, அங்குள்ள முருகன் கோயிலை எண்ணிச் சொன்னார். அத்தையின் முகம் வாடியதும் “நாம போவோம், வாங்க” என்று மாற்றிக்கொண்டார். ‘நாங்கள்’ என்றாலே வெளியே ஒருவர் நிற்கிறார். ஆயினும் இது நினைவுக்கான துணைதான், சான்று ஆகாது. 1971இல் வெளியான தாஜ்ஃபெலின் ஆய்வில் பிரிஸ்டல் நகரப் பள்ளிச் சிறுவர்கள், கிளே, கண்டின்ஸ்கி ஆகியோரின் ஓவியங்களில் எதை விரும்பினார்கள் என்ற பெயரில் பிரிக்கப்பட்டார்கள். பழைய பகையோ பழக்கமோ இல்லாதபோதும், தம் குழுவுக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, மற்றக் குழுவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்றே பணத்தைப் பலமுறை பங்கிட்டார்கள். இந்த இழப்பைக் குறிப்பிடாத விடை பாதி விடைதான்.

மற்றவை சுருக்கமாக:

குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பற்று எவ்வகையானது என்று பார்க்கும் ஐன்ஸ்வர்த்தின் சோதனையில் தாய் சிறிது நேரம் அறையை விட்டுப் போகும்போது குழந்தை அழுததா என்பதைவிட, திரும்பி வந்ததும் என்ன செய்தது என்பதே வகையைத் தீர்மானிக்கிறது. இதிலிருந்து 1987இல் ஹேசனும் ஷேவரும் காதல் உறவுக்குத் தாவிய படியையும் எழுதுங்கள்.

அதே 1987இல் உளவியலாளர் ஹிகின்ஸ் சொன்னது: ‘ஆக விரும்பும் நான்’ எட்டாவிட்டால் சோர்வு, ‘ஆக வேண்டிய நான்’ எட்டாவிட்டால் பதற்றம். இரண்டையும் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

பண்பாட்டுக்கேற்ப ‘நான்’ மாறுகிறது என்று மார்கஸ், கிட்டயாமா இருவரும் 1991இல் எழுதிய கட்டுரை பற்றிய கேள்வியில் ஆசியர் எல்லாரும் உறவைச் சார்ந்த ‘நான்’ உடையவர்கள் என்று ஒரேயடியாக எழுதிவிடக் கூடாது. எங்கள் கடைத் தெருவிலேயே தனித்து முடிவெடுப்பவர்களையும், ஊரையே கேட்டு முடிவெடுப்பவர்களையும் நான் தினம் பார்க்கிறேன். இதைக் காட்டி மறுத்து எழுதிய பத்திக்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கும் என்றே நம்புகிறேன்.

என் குறிப்பேடு இப்போது அந்த அக்காவின் மகனிடம் இருக்கிறது. அதில் ஃபெஸ்டிங்கருக்கு இரண்டு பக்கம்தான் எழுதியிருக்கிறேன்; 1954இன் சமூக ஒப்பீடு (நம்மைப் பிறரோடு ஒப்பிட்டு அளப்பது), 1957இன் மன முரண்பாடு (நம் எண்ணங்கள் ஒன்றோடொன்று மோதும்போது எழும் சங்கடம்) ஆகிய இரு கோட்பாடுகளையும் அவர் தனித்தனியே படித்துக்கொள்ள வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தேன்.