வேலூரில் பிறந்த அமெரிக்க அரசியல்வாதி: கதை எழுதுகிறவர்களுக்கு

வேலூரை வைத்து நாவல் எழுத உட்காருகிறவர்களுக்கு அமெரிக்கப் பாத்திரம் ஒன்று சுலபமாகவே அமைந்துவிடும். சி.எம்.சி. மருத்துவமனை இருக்கிறது, அதைத் தொடங்கிய, 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் இருக்கிறார், அவர் குடும்பம் ஊழியம் செய்த ஆற்காடு மிஷன் இருக்கிறது. மிஷன் டாக்டர் தம்பதிக்கு வேலூரில் பிறந்த பையன் பின்னாளில் அமெரிக்காவில் பெரிய அரசியல்வாதி ஆகிறான் என்று வைத்தால் கதை நன்றாகவே ஓடும். விமானம் ஏறி அங்கே இறங்கியதும்தான் தடுக்குகிறது. மேலிடம் சீட் கொடுக்கிறது, ஜெயித்தவர் செனட்டராக இருந்துகொண்டே மந்திரியாகிறார், கொறடா உத்தரவை மீறியதும் பதவி பறிபோகிறது. மூன்றுமே அங்கே நடக்காது.

முதலில் பிறந்த வருஷத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். மற்ற எல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கும். 1966 என்று வைத்துக்கொள்வோம். தாய் தகப்பன் இருவரும் அமெரிக்கர்கள், அதில் ஒருவராவது முன்பு அமெரிக்காவில் குடியிருந்தவர் என்றால், பிள்ளை எங்கே பிறந்தாலும் பிறப்பிலேயே அமெரிக்கக் குடிமகன்தான். ஒருவர் மட்டும் அமெரிக்கர் என்றால், அவர் அமெரிக்காவில் எத்தனை வருஷம் இருந்தார் என்ற கணக்கு வரும். கதைக்கு அந்தச் சிக்கல் வேண்டாமென்றால் இருவரையும் அமெரிக்கர்களாக்கிவிடுங்கள். பள்ளிப்படிப்புக்குக் கொடைக்கானல் பொருந்தும். 1901-லிருந்து மிஷனரிப் பிள்ளைகள் படித்த பள்ளி அங்கே உண்டு.

அடுத்தது மாநிலம். நியூயார்க், கலிபோர்னியா என்று கை தானாகப் போகும். போக விடாதீர்கள். ஆற்காடு மிஷனை நடத்தியது அமெரிக்காவின் ரிஃபார்ம்டு சர்ச், டச்சுக்காரர்கள் தொடங்கிய சபை. அந்தச் சபையோடு சேர்ந்த ஹோப் கல்லூரி மிச்சிகன் மாநிலத்தில் ஹாலந்து என்ற ஊரில் இருக்கிறது. பையன் 1984-ல் அங்கே படிக்கப் போகிறான், அங்கேயே தங்கிவிடுகிறான். காட்பாடி வெயிலில் வளர்ந்தவனை ஏரிப் பனிக்குக் கொண்டுபோக இதைவிட நியாயமான காரணம் கிடைக்காது.

இனி காலண்டர். அமெரிக்கக் கீழவைக்கு வயது 25 ஆகியிருக்க வேண்டும், பதவிக்காலம் 2 வருஷம். செனட்டுக்கு 30, 6 வருஷம். அதிபருக்கு 35. நம் ஆள் நேராக வாஷிங்டன் போகாமல் மாநிலச் சட்டசபையில் தொடங்குவதே இயல்பு. 1996 நவம்பரில் ஜெயித்தால் 1997 ஜனவரியில் பதவி. மிச்சிகனில் 1992-ல் மக்கள் ஓட்டுப் போட்டுப் பதவிக்கு வரம்பு கட்டியிருந்தார்கள்: மாநிலக் கீழவையில் இரண்டிரண்டு வருஷமாக மூன்று முறை, மேலவையில் நான்கு நான்கு வருஷமாக இரண்டு முறை, அதோடு சரி. ஆக 2002 முடிய கீழவை, 2010 முடிய மேலவை. எவ்வளவு செல்வாக்கு இருந்தாலும் 2010-ல் அவர் வேறு இடம் பார்த்தே ஆகவேண்டும். சதி, துரோகம் எதுவும் தேவையில்லை, சட்டமே அவரை வாஷிங்டனுக்குத் தள்ளிவிடும். இந்த வரம்பு 2022-ல் மாறியது. இரண்டு அவையும் சேர்த்து 12 வருஷம் என்பது இப்போதைய கணக்கு.

சீட் விஷயத்துக்கு வருவோம். நம் ஊரில் கட்சித் தலைமை கையெழுத்திட்ட பி ஃபாரம் வந்தால் முடிந்தது. அங்கே அந்தத் தாளே கிடையாது. கட்சியின் பெயரில் யார் நிற்பது என்பதை ஆகஸ்டில் நடக்கும் பிரைமரியில் வாக்காளர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். அந்தப் பிரைமரியில் பெயர் வரக் கையெழுத்து மனு கொடுக்க வேண்டும். மிச்சிகனில் நாடாளுமன்றக் கீழவைக்குக் குறைந்தது 1,000 கையெழுத்து. அங்கீகாரம் பெற்ற கட்சிக்காரருக்கு ஒரே ஒரு முன்மொழிபவர் போதும் என்று பழகிய நமக்கு இதுவும் வெறும் சம்பிரதாயமாகத் தெரியும். ஆனால் கவிழ்வது இங்கேதான். கூலிக்குக் கையெழுத்து வாங்க ஆள் வைப்பார்கள். அந்த ஆட்கள் வீடு வீடாக ஏறி இறங்க அலுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தாளைக் கைமாற்றி, ஆளுக்கொரு பேனாவில் வாக்காளர் பெயர்களைத் தாங்களே போட்டுவிடுவார்கள். 2022-ல் மிச்சிகன் கவர்னர் பதவிக்கு 15,000 செல்லுபடியாகும் கையெழுத்து இல்லாமல் ஐந்து ரிபப்ளிகன் (குடியரசுக் கட்சி) வேட்பாளர்கள் இப்படித்தான் வெளியேறினார்கள். 2012-ல் பதவியில் இருந்த கீழவை உறுப்பினர் ஒருவரே மனுவில் நகலெடுத்த கையெழுத்துகள் சிக்கியதால் பிரைமரிக்குள் நுழைய முடியவில்லை. நாவலில் இரண்டு அத்தியாயத்துக்குத் தாராளமாகத் தாங்கும்.

நம் ஆள் எந்தக் கட்சி? ஹாலந்து இருக்கும் ஒட்டாவா கவுண்டி, நம் மாவட்டம் மாதிரி, ரிபப்ளிகன் கோட்டை. டெமாக்ரட் (ஜனநாயகக் கட்சி) ஆக்கினால் உள்ளூரில் ஜெயிக்கமாட்டார். ரிபப்ளிகன் ஆக்கினால் ஆகஸ்ட் பிரைமரியே தேர்தல், நவம்பர் வெறும் சடங்கு. ஆனால் மாநிலம் முழுக்க நிற்கும்போது டெமாக்ரட் பக்கம் சாயும் டெட்ராய்ட் நகரம் குறுக்கே வரும். மிச்சிகனிலிருந்து ரிபப்ளிகன் ஒருவர் செனட்டுக்குத் தேர்வானது கடைசியாக 1994-ல். பிரைமரியில் ஜெயிக்கச் சொன்ன பேச்சே மாநிலத் தேர்தலில் அவரைத் தோற்கடிக்கும். அமெரிக்க அரசியல் வாழ்க்கையின் முடிச்சு இதுதான் என்பேன். வில்லன் பாத்திரம் ஒன்றுக்குச் செலவழிக்கிற பக்கங்களை இதற்குக் கொடுங்கள். அந்த மாநிலத்தில் செனட் தேர்தல் வந்த வருஷங்கள் 2000, 2002, 2006, 2008, 2012, 2014 என்று போகும். 2010-ல் அவரை செனட்டராக்கினால் விவரம் தெரிந்த வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். கவர்னர் பதவி என்றால் வழி உண்டு, அதற்கு ரிபப்ளிகன்கள் ஜெயித்திருக்கிறார்கள். அதை ‘ஆளுநர்’ என்று எழுதினால் கிண்டி ராஜ்பவன் ஞாபகம் வரும். அந்தப் பதவி நம் முதலமைச்சருக்குச் சமம், ஆகவே கவர்னர் என்றே விட்டுவிடலாம். அங்குள்ள நாடாளுமன்றத்தை மனதில் வைத்து ‘காங்கிரஸில் நுழைந்தார்’ என்று எழுதினாலும் இதே கதைதான், நம்மவர்கள் சத்தியமூர்த்தி பவனை நினைப்பார்கள்.

பணம். நம் நாட்டில் வேட்பாளரின் செலவுக்கு வரம்பு உண்டு. அங்கே 1976 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு செலவுக்கு வரம்பில்லை, கொடுப்பவருக்குத்தான் வரம்பு. 2014-ல் ஒரு ஆள் ஒரு வேட்பாளருக்குப் பிரைமரிக்கு 2,600 டாலர், நவம்பருக்கு இன்னொரு 2,600. அதனால் ஆயிரக்கணக்கானவர்களிடம் கேட்டாக வேண்டும். அரசுக் கட்டிடத்திலிருந்து நன்கொடை கேட்பது குற்றம் என்பதால், உறுப்பினர்கள் தங்கள் அலுவலகத்தை விட்டு இறங்கி, அருகிலுள்ள கட்சிக் கட்டிடத்தில் சின்னத் தடுப்பறைக்குள் உட்கார்ந்து போன் போடுகிறார்கள். பக்கத்தில் உதவியாளர், கையில் ஒரு தாள்: பெயர், மனைவி பெயர், போன முறை கொடுத்த தொகை, இந்த முறை கேட்க வேண்டிய தொகை. ஒரு போன் வைத்ததும் அடுத்தது. சட்டம் இயற்றுகிற காட்சியைவிட இந்தக் காட்சியே அந்த வேலையின் உண்மையான ருசியைக் காட்டும். ஆம்பூரிலிருந்து பால்ய சிநேகிதர், தோல் ஏற்றுமதி செய்பவர், பாசத்தில் பணம் அனுப்புவதாக மட்டும் எழுதினால் இருவருக்கும் ஆபத்து. வெளிநாட்டவர் பணம் சட்டவிரோதம். அந்தச் சிநேகிதரின் தங்கை அமெரிக்காவில் கிரீன் கார்டு வைத்திருந்தால், சொந்தப் பணத்தைக் கொடுக்கலாம்.

2019-ல் பணம் பிடிபட்டு வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்தாகி, ஆகஸ்ட் 5-ல் நடந்தது. அமெரிக்காவில் அப்படி முன்கூட்டி நிறுத்த டில்லி மாதிரி ஒரே தேர்தல் ஆணையம் இல்லை, தேர்தலை நடத்துவது மாநிலமும் கவுண்டியும். அதே 2019-ல் வட கரோலினாவின் 9-வது தொகுதியில், தபால் ஓட்டு மோசடி காரணமாக மாநில வாரியம் முடிவைச் சான்றளிக்க மறுத்து மறுதேர்தல் நடந்தது. அந்தத் தொகுதி அதுவரை ஆளில்லாமல் கிடந்தது.

மந்திரி பதவி கேட்டால் நாடாளுமன்றப் பதவியை விட்டே வரவேண்டும், அரசியல் சாசனம் இரண்டையும் ஒருவரிடம் விடாது. கட்சி தாவினால் ஒன்றும் ஆகாது. 2001-ல் வெர்மான்ட் செனட்டர் ஜிம் ஜெஃபர்ட்ஸ் கட்சியை விட்டு வந்தபோது செனட் பெரும்பான்மையே கைமாறியது, அவர் பதவி அப்படியே இருந்தது.

கடைசியில் அதிபர் ஆசை. சாசனம் கேட்பது பிறப்பால் குடிமகனாக இருப்பதையும், 14 வருஷம் அமெரிக்காவில் வசித்ததையும். சென்னையில் பிறந்து பின்னாளில் குடியுரிமை பெற்ற பிரமிளா ஜெயபால் கீழவை உறுப்பினர் ஆகலாம், அதிபர் ஆக முடியாது. பெற்றோர் அமெரிக்கர்களாக இருந்து வெளியே பிறந்தவர்களின் நிலையை உச்ச நீதிமன்றம் நேரடியாகத் தீர்த்ததில்லை. மெக்கெய்ன் பனாமா கால்வாய்ப் பகுதியிலும் டெட் குரூஸ் கனடாவிலும் பிறந்தவர்கள், இருவரும் செனட்டர்களாக இருந்து அதிபர் பதவிக்குப் போட்டியிட்டார்கள். மிச்சிகனிலேயே முன்னோடி உண்டு: கவர்னர் ஜார்ஜ் ராம்னி பிறந்தது மெக்சிகோவில், 1968 தேர்தலுக்கு அதிபர் வேட்பாளராகக் களமிறங்கினார்.

ஆகவே எதிரணி நம் ஆளின் பிறப்புச் சான்றிதழைத் தோண்டும், நிருபர் ஒருவர் வேலூருக்கு வருவார். அவர் கையில் நீங்கள் கொடுக்கப்போகும் 1966-ம் வருஷப் பதிவில் வேலூர் நகராட்சி, வடஆற்காடு மாவட்டம், மெட்ராஸ் மாநிலம் என்று இருக்க வேண்டும். தமிழ்நாடு என்ற பெயர் வந்தது 1969 ஜனவரி 14-ல், வேலூர் மாநகராட்சி ஆனது 2008-ல்.