அம்மாவின் வானொலிக்கு ஐந்து மின்கலங்கள்

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீடு, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய கடைசி வரிசையில் இருக்கிறது. விடிவதற்கு முன்பே அம்மா மின்னல் எஃப்.எம்மைப் போட்டுவிடுவார். பசியாறும் வேளையில் அடுப்படியில் பாடும் வானொலி, வெயில் ஏறியதும் கறிவேப்பிலை மரத்தடிக்கும் மாலையில் அஞ்சடி என்னும் வீட்டு முன்நடைக்கும் அவர் கையோடு போய்விடும் என்பதால், அதைச் சுவரிலுள்ள மின்சாரத்தோடு கட்டிப்போட எனக்கு மனம் வரவில்லை.

அதில் டி அளவுள்ள நான்கு பெரிய பேட்டரிகள் போட வேண்டும். சென்ற மாதம் பாட்டு திடீரென நின்றுவிட, மூடியைத் திறந்து பார்த்தேன். ஒரு கலம் கசிந்து, சுருள்கம்பியின் மேல் வெள்ளைத்தூள் பூத்திருந்தது. அதன் அடிப்பகுதி பச்சையாகிவிட்டது. ஆல்கலைன் கலங்களிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம். எனவே கையுறை அணிந்து, காது குடையும் பஞ்சுக் குச்சியைக் காடியில் (வினிகரில்) தோய்த்துத் துடைத்தேன். தொட்ட இடமெல்லாம் சிறு குமிழிகள் எழுந்தன. சுருள்கம்பி தப்பியது. இனி தூக்கியெறியும் பேட்டரியே வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தேன்.

பக்கத்து வீட்டுத் தம்பி இரண்டு லித்தியம் கலங்களைப் போடச் சொன்னார். அவை முழுதாக ஏறியிருக்கும்போது 8.4 வோல்ட் தரும்; 6 வோல்ட்டுக்கென்று செய்த வானொலிக்கு அது அதிகம். குறைக்கும் சுற்று ஒன்றை இடையில் வைத்தால், அதுவே வானொலிக்குள் இரைச்சலைக் கொண்டுவரக்கூடும். ஆகவே மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கலங்களையே தேர்ந்தெடுத்தேன். இவ்வகைக் கலம் ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான். நான்கு போட்டுப் பார்த்தபோது 4.8 வோல்ட்டில் வானொலி பாடியது என்றாலும், காது சற்று மந்தமான அம்மாவுக்காக ஒலியைக் கூட்டியவுடன் குரல் கரகரத்தது. ஐந்தைத் தொடராக இணைத்தால் சரியாக 6 வோல்ட் கிடைக்கிறது. ஏஏ அளவுக் கலங்கள் என்பதால் ஐந்தும் பழைய அறைக்குள் தாராளமாக அடங்கின.

கலங்களின் மேல் நேரடியாக ஈயம் பற்றவைக்கக் கூடாது. அந்தச் சூடு உள்ளே இருக்கும் அடைப்பைக் கெடுத்துவிடும். ஆதலால் தகடுகள் ஏற்கெனவே ஒட்டப்பட்ட தொகுப்பாகவே வாங்கி, சிவப்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைச் சேர்த்து, வானொலியின் இரு முனைகளையும் மல்ட்டிமீட்டரால் சரிபார்த்த பிறகே இணைத்தேன். இடைவெளியில் பஞ்சுத்தகட்டைச் செருகியதால், தூக்கிக்கொண்டு நடக்கும்போது எதுவும் ஆடுவதில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: இந்தத் தொகுப்பின் கொள்ளளவு 2000 மில்லி ஆம்பியர் மணிதான், பெரிய ஆல்கலைன் கலங்கள் இதைவிடப் பலமடங்கு தாங்கும். எங்கள் வானொலி ஏறக்குறைய 50 மில்லி ஆம்பியர் இழுப்பதால் 40 மணி நேரம் ஓடுகிறது. அம்மா கேட்கும் கணக்குக்கு ஒரு வாரம் வரும். சனிக்கிழமை இரவு தொகுப்பைக் கழற்றி, இவ்வகைக் கலத்துக்கென்றே செய்த மின்னேற்றியில் 200 மில்லி ஆம்பியரில் போட்டால், பதினான்கு, பதினைந்து மணி நேரத்தில் நிறைந்துவிடுகிறது. ஞாயிறு காலை மட்டும் அடுப்படி அமைதியாக இருப்பது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அதனால் அதே போன்ற இன்னொரு தொகுப்புக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.