கழுவக் கூடாத கல்

கரீபியன் தீவான டிரினிடாடில் அகழாய்வு வேலை என்றதும் குழிக்குள் இறங்கித் தோண்டப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். கையில் கொடுத்தது ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் பழைய டூத் பிரஷும். பக்கத்தில் மூட்டை மூட்டையாகப் பானையோடுகள். கழுவ வேண்டும், நிழலில் காய வைக்க வேண்டும், எண் போட வேண்டும். அவ்வளவுதான்.

தென் அமெரிக்காவின் ஓரினோகோ ஆற்றங்கரையிலிருந்து 2,000 ஆண்டுகளுக்கும் முன்பு படகில் வந்த சலாடாய்ட் மக்களின் ஓடுகள் அவை. செம்மண் பூச்சின் மேல் வெள்ளைக் கோலம் தண்ணீர் பட்டதும் பளிச்சென்று தெரியும். பானை விளிம்பில் ஒட்டிய குட்டி விலங்குத் தலை கிடைத்தால் அன்று எல்லோரும் என் தொட்டியைச் சுற்றி நிற்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் யாரும் சீண்டாத ஓடு ஒன்று உண்டு. விரல் பருமன், வளைவே கிடையாது, ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. நம் தோசைக்கல் மாதிரி, ஆனால் சுட்ட மண்ணில் செய்தது. அதன் மேல் அப்பியிருந்த கரியை அரை மணி நேரம் தேய்த்துப் போக்கிவிட்டுப் பெருமையாகக் காட்டினேன்.

“ஐயோ, தேய்த்தே விட்டீர்களா?” என்றார் மூத்தவர். தோசைக்கல்லைச் சோப்புப் போட்டுத் தேய்த்து வீட்டில் திட்டு வாங்கியவன்தான் நான். இங்கே புத்தி வேலை செய்யவில்லை.

அப்புறம் பொறுமையாக விளக்கினார். மரவள்ளியைத் துருவி, நச்சுச் சாற்றைப் பிழிந்து, மாவை அடையாகச் சுட்டது இதில்தான் என்று வெகுகாலம் எல்லோரும் நம்பினார்கள். கல்லில் ஒட்டிய மாவுச்சத்துத் துகளை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கத் தொடங்கியதும் கதை மாறியது. கிழக்குக் கியூபாவில் கிடைத்த இதே மாதிரிச் சுட்டமண் கற்களைச் சோதித்தபோது சோளமும் பயறும் தெரிந்தன. 2008இல் அது வெளியானது. இதே டிரினிடாடில் சென்ட் ஜான் என்ற இடத்தின் அரைகற்களில் சோளம், சர்க்கரைவள்ளித் துகள்கள் கிடைத்தன. வயது 7,000 ஆண்டுகளுக்கும் மேல். சலாடாய்ட் பானைகள் இந்தத் தீவைத் தொடுவதற்குச் சுமார் 5,000 ஆண்டுகள் முன்பே யாரோ இங்கே சோளம் அரைத்திருக்கிறார்கள்!

அழகான விலங்குத் தலை இதில் ஒன்றையும் சொல்லாது. சொல்லக்கூடியது அழுக்குதான்; அதைத்தான் நான் தொட்டியில் கரைத்திருந்தேன். மண்ணின் நுண்துளைகளில் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம் என்று அவர் ஆறுதல் சொன்னார்.

மறுநாள் முதல் தட்டையான ஓடு வந்தால் தொட்டிக்குப் போகாது, நேராகப் பைக்குள். நான் தேய்த்த துண்டுக்கும் எண் போட்டோம். பதிவேட்டில் குறிப்புக் கட்டத்தில் ‘கழுவப்பட்டது’ என்று என் கையாலேயே எழுதினேன்.