மூடிய குளம்: மாண்ட்கமரி நாட்குறிப்பு

ஜூன் 3, 2023, சனி

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மாண்ட்கமரி எங்கள் ஊர். கோடைக்காக அபார்ட்மெண்ட் நீச்சல்குளத்தைத் திறந்துவிட்டார்கள். பாப்பாவின் வகுப்புத் தோழி தன் பாட்டியோடு வந்திருந்தாள். பாப்பா வந்த வேகத்தில் தொபுக்கடீர் என்று குதித்தாள். அந்தப் பெண் படியில் கால் நனைத்ததோடு சரி.

"எங்க வீட்டுல மூணு தலைமுறையா யாருக்கும் நீச்சல் தெரியாது" என்றார் பாட்டி. கறுப்பினப் பெண்மணி, எழுபது தாண்டிய ரிட்டையர்டு டீச்சர். "நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ நம்ம ஊர் ஓக் பார்க் பூங்காவுல பெரிய குளம் இருந்துச்சு. எங்களை விடமாட்டாங்க. அப்புறம் மண்ணைக் கொட்டி மூடியே விட்டாங்க."

எதற்கு மூடினார்கள் என்று கேட்டேன்.

"நாங்க இறங்கிடக் கூடாதுன்னுதான்."

ஜூன் 6, செவ்வாய்

நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். டீச்சர் சொன்னதில் மிகை எதுவும் இல்லை.

1958 டிசம்பரில் எட்டுக் கறுப்பினத்தவர் நகராட்சி மீது வழக்குப் போட்டார்கள். வரிப்பணத்தில் நடக்கும் பூங்காவுக்குள் எங்களை ஏன் விடுவதில்லை என்பது கேள்வி. நகராட்சியின் பதில் 1959 ஜனவரி 1 அன்று வந்தது. ஊரில் இருந்த எல்லாப் பூங்காக்களுக்கும் பூட்டு. ஓக் பார்க்கில் சின்ன விலங்குக்காட்சிச் சாலை ஒன்று இருந்தது. அந்த விலங்குகளையும் விற்றுவிட்டார்கள். குளத்தை நிரப்பினார்கள். அதே ஆண்டு நீதிபதி ஃபிராங்க் ஜான்சன், நிறம் பார்த்து விலக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். ஆனால் திறந்தே இல்லாத பூங்காவில் யாரை யார் விலக்குவது? 1965ல்தான் மறுபடி திறந்தார்கள், குளம் இல்லாமல்.

இதில் என்னால் செரிக்க முடியாத ஒன்று உண்டு. கறுப்பினப் பிள்ளைகளுக்கு அந்தக் குளம் எப்போதுமே கிடையாது, அதனால் அவர்கள் புதிதாக இழக்க ஒன்றும் இல்லை. 1959 கோடையில் குளம் பறிபோனது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு. அதிலும் வீட்டுக் கொல்லையில் சொந்தக் குளம் வெட்ட வசதியில்லாதவர்களுக்கு.

ஜூன் 9, வெள்ளி

அந்த வழக்கில் முதல் பெயர் ஜார்ஜியா கில்மோர். தேடிப் படிக்கப் படிக்க, இவரை ஏன் எனக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை என்று இருந்தது.

மாண்ட்கமரி என்றால் பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ், பஸ்ஸில் நிறப்பிரிவினையை எதிர்த்து நடந்த பஸ் புறக்கணிப்பு, அதை நடத்திய மார்ட்டின் லூதர் கிங். இவ்வளவுதான் நமக்குத் தெரியும். 1955 டிசம்பர் 5ல் தொடங்கி 381 நாள் அந்த ஊர்க் கறுப்பின மக்கள் பஸ் ஏறவில்லை என்று படிக்கிறோம். வேலைக்கு எப்படிப் போனார்கள்? சிலர் நடந்தார்கள். மற்றவர்களுக்குக் கார்கள் வேண்டியிருந்தன. முந்நூறு கார்கள் வரை ஓடின. வேளைக்கு ஒரு வண்டி, இன்ன இடத்தில் ஏறணும், இன்ன இடத்தில் இறங்கணும் என்று முறை வைத்து ஓட்டினார்கள். பெட்ரோல் யார் போடுவது?

அங்கேதான் கில்மோர் வருகிறார். ஓர் உணவகத்தில் சமையல் வேலை. மற்றப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு பொரித்த கோழி சாண்ட்விச், கேக், சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பை எல்லாம் வீடுகளில் செய்து விற்றார். கைக்கு வந்த பணத்தைப் போராட்டக் கூட்டத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். குழுவின் பெயர் 'எங்கிருந்தும் வராதவர்கள் சங்கம்'. பணம் ஏது என்று எவனாவது கேட்டால் 'எங்கிருந்தும் வரலை' என்று சொல்லலாம், பொய்யும் ஆகாது! மறைவு தேவைப்பட்டது, ஏனென்றால் அதில் இருந்த பல பெண்கள் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர்கள். பெயர் வெளியே தெரிந்தால் அடுப்பு அணைந்துவிடும்.

1956 மார்ச்சில் புறக்கணிப்புக்காகக் கிங் மீது நடந்த வழக்கில் சாட்சி சொன்னதும் கில்மோருக்கு உணவக வேலை போயிற்று. வீட்டிலேயே சமைத்துப் போட ஆரம்பித்தார். கிங்கும் அங்கே வந்து சாப்பிட்டிருக்கிறார். அடுத்த ஆண்டு கில்மோரின் மகன் வேலைக்குப் போகிற வழியில் ஓக் பார்க்குக்குள் குறுக்கே நடந்தான் என்பதற்காகப் போலீஸ் அடித்தது. பூங்கா வழக்கின் வேர் அது.

ராத்திரி இவரிடம் சொன்னேன். "சோறு போட்டவங்களை எவன் ஞாபகம் வெச்சுக்கறான்" என்றார். சொல்லிவிட்டு, தட்டை அப்படியே விட்டுவிட்டு டிவி பார்க்கப் போனார்.

ஜூன் 14, புதன்

மாண்ட்கமரியின் தனிக்கிறுக்கு என்றுதான் நினைத்தேன். இல்லையாம். மிசிசிப்பியின் ஜாக்சன் நகரமும் நீச்சல்குளங்களை மூடி இதையே செய்தது. அந்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், 1971ல் 5க்கு 4 என்ற கணக்கில் நகரம் ஜெயித்தது. எல்லோருக்கும் சேர்த்து மூடிவிட்டால் அதில் பாகுபாடு இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள்.

இங்கே இன்னும் சாமர்த்தியம். வழக்குக்கு முன்பே, 1958லேயே, நகராட்சியும் ஒய்எம்சிஏவும் ரகசியமாக ஓர் ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தன. பிள்ளைகளின் விளையாட்டுப் பொறுப்பு அந்தப் பக்கம் போயிற்று. அது தனியார் அமைப்பு, யாரைச் சேர்ப்பது என்பது அதன் விருப்பம். 1970ல் அதே நீதிபதி ஜான்சன்தான் இதையும் உடைத்தார்.

அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு ஒன்றையும் பார்த்தேன். 10 முதல் 14 வயதுக் கறுப்பினப் பிள்ளைகள் நீச்சல்குளத்தில் மூழ்கிச் சாகும் விகிதம் வெள்ளைப் பிள்ளைகளைவிட 7.6 மடங்கு. படியில் கால் நனைத்த அந்தப் பெண்ணுக்கு வயது பத்து.

ஜூன் 19, திங்கள்

அடிமைமுறை ஒழிந்ததை நினைவுகூரும் ஜூன்டீன்த் விடுமுறை. டீச்சரையும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு ஓக் பார்க் போனோம். நல்ல மர நிழல். குளம் எந்த இடத்தில் இருந்தது என்று கேட்டேன். "எனக்கெப்படித் தெரியும்? அப்போ உள்ளே வந்ததே இல்லையே" என்று சிரித்தார். கேட்டிருக்க வேண்டாம்.

ஜூன் 24, சனி

அதே பூங்காவில் ஒரு கோளரங்கம் இருக்கிறது. பாப்பா நச்சரித்ததால் இன்று போனோம். வாசலில் பெயரைப் பார்த்ததும் நின்றுவிட்டேன்: டபிள்யூ. ஏ. கெயில் கோளரங்கம். பஸ் புறக்கணிப்பின்போது மேயராக இருந்தவர். நிறப்பிரிவினையைக் காப்பாற்றவென்றே இருந்த வெள்ளையர் குடிமக்கள் கவுன்சிலில் வெளிப்படையாகவே சேர்ந்தவர். பஸ்ஸில் நிறப்பிரிவினை செல்லாது என்று ஆன வழக்கின் பெயரே 'பிரவுடர் எதிர் கெயில்'. தோற்றவர் பெயரில் கோளரங்கம்!

கில்மோரின் வழக்கும் 1959ல் முடியவில்லை. வெள்ளைப் பிள்ளைகளுக்கென்று தனியார் பள்ளிகள் முளைத்தன. நகராட்சி அவர்களுக்கு விளையாட்டு மைதானங்களைத் தனியாக ஒதுக்கிக் கொடுத்தது. மறுபடி கோர்ட். 1974ல் 'கில்மோர் எதிர் மாண்ட்கமரி நகரம்' வழக்கில் உச்சநீதிமன்றம் அந்தத் தனி ஒதுக்கீடு கூடாது என்றது. ஒரு பூங்காவுக்காகப் பதினைந்து வருஷத்துக்கு மேல். சட்டம் ஜெயித்ததென்னவோ உண்மை. ஆனால் அந்தப் பள்ளிகளில் சில இன்னும் நடக்கின்றன, பாப்பா படிக்கும் அரசுப் பள்ளியில் பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள்தான். பிரித்து வைக்கச் சட்டம் தேவைப்பட்ட காலம் போய், பள்ளிக் கட்டணமும் குடியிருப்புகளின் கேட் கார்டுமே அதைச் செய்கின்றன.

டெரிகோட் தெருவில் கில்மோர் வீட்டு முன்னால் நினைவுப் பலகை இருக்கிறது. அடுத்த வாரம் டீச்சர் கூட்டிப்போகிறேன் என்றிருக்கிறார். வியாழக்கிழமையிலிருந்து எங்கள் குளத்தில் அவர் பேத்திக்கும் நீச்சல் வகுப்பு. விருந்தாளிகளுக்கு வகுப்பு கிடையாது என்றார் மேனேஜர். அந்த விதி எங்கே எழுதியிருக்கிறது என்று காட்டச் சொன்னேன், காட்டவில்லை.